ஓரத்து எழுத்து

(புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்ட அன்பர்களின் சங்கமொன்றன் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை இம்மண்டபத்தின் சுவர்களில் நீங்கள் காட்சிக்கு வைத்திருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடாக்களும், கோடியக்கரைப் புல்வெளியில் துள்ளும் வெளிமான்களும், கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின்மேல் சாயும் மாலை வெயிலும், வால்பாறைச் சரிவுகளில் இறங்கும் மஞ்சும் கண்ணை நிறைக்க, அவற்றுக்கு நடுவே ஒரு தூணின் பக்கத்தில், வெறும் செங்கற்சுவர் ஒன்றின் படங்கள் வரிசையாக மாட்டப்பெற்று, ஒவ்வொன்றின் அடியிலும் இன்ன லென்ஸ், இன்ன துவாரம், இன்ன தூரம் என்று குறிப்பும் எழுதப்பட்டிருக்கக் கண்டேன். பார்க்க வந்தவர்களிற் பலர் அவ்விடத்தில் நில்லாமலே கடந்து சென்றார்கள். ஆயினும் நான் இன்று பேச விரும்புவது அந்தச் சுவரைப் பற்றித்தான். ஏனெனில் கூழைக்கடாவைப் படமெடுத்த சிரத்தையும் செங்கற்சுவரைப் படமெடுத்த சிரத்தையும் ஒன்றே என்பதும், பின்னதில் சலிப்புறுகிறவர் முன்னதிலும் நெடுநாள் நிலைக்கமாட்டார் என்பதும் என் உறுதியான எண்ணம்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், விடுமுறையில் இங்கிலாந்துக்குச் சென்றிருந்த காலத்தில் புகைப்படக் கலையைப் பொழுதுபோக்காகக் கற்று, 1853-ல் லண்டனில் தோன்றிய புகைப்படச் சங்கத்திலும் சேர்ந்து, பின்னர் இங்கே திரும்பி, 1854-ஆம் ஆண்டின் இறுதியில், எவரும் ஏவாமல், எவரிடமும் ஊதியம் பெறாமல், ஹளேபீட்டுக்கும் பேலூருக்கும் காமிராவுடன் பிரயாணம் செய்தார். அங்கே எடுத்த படங்களுள் 68-ஐ அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த பெருங்கண்காட்சியில் வைத்தார். நடுவர்கள் அவற்றைச் சிறந்தவையென மதித்துப் பதக்கம் வழங்கினார்கள். பிரயாணம் செய்வது, படமெடுப்பது, எடுத்ததை அறிந்தவர்களின் முன் வைப்பது என்னும் இம்மூன்றுமே நீங்களும் செய்கிறவை. அந்த அநுபவத்தின் பயனாகவே அவர் 1855-ல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவிலும், 1856-ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் என்னும் பதவியிலும் அமர்த்தப்பெற்றார்.

1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அநுமதி வேண்டுகிறேன். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும், இராஜராஜ சோழன் தானும் தன் தமக்கையாரும் தேவிமாரும் பிறரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுவித்திருக்கிறான் அல்லவா? அந்த எழுத்துவரிசையை ஒரே படத்தில் அடக்குவது எந்தக் காமிராவுக்கும் இயலாது. டிரைப், தளத்தை ஒட்டிக் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒன்றன் பக்கம் ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார். காமிரா ஒவ்வொரு முறையும் கல்லுக்கு நேராக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் ஒரு படத்தின் வரி அடுத்த படத்தின் வரியோடு சேராது. அதனினும் அரியது ஒன்று உண்டு. படத்தின் நடுவில் உள்ள எழுத்துத் தெளிவாக விழுவது பெரிதன்று, எந்த லென்ஸும் நடுவில் ஓரளவு நன்றாகவே காட்டும். இணைப்பு நிகழ்வதோ ஓரத்தில். ஓரத்தில் உள்ள எழுத்து மங்கினால் அந்த இடத்தில் வாசகமே அறுந்துபோகும். பிற்காலத்தில் ஹூல்ஷ் முதலிய அறிஞர்கள் மைப்படி எடுத்து அச்சிற் பதிப்பித்த அந்தச் சாஸனங்களை, அவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஒளியினால் படியெடுக்க முனைந்தவர் அவர். தம் லென்ஸின் ஓரம் எத்தகையது என்பதை அவர் அறிந்திராமல் இக்காரியத்தில் இறங்கியிருக்க முடியாது.

அக்காலத்து லென்ஸ்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் அவருடைய உழைப்பின் அருமை விளங்கும். 1840-ல் வியன்னா நகரத்துக் கணிதப் பேராசிரியர் யோசெப் பெட்ஸ்வால், பீரங்கிப் படையைச் சேர்ந்த கணக்கர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கணித்து அமைத்த லென்ஸ், அதற்கு முன்பிருந்தவற்றைவிடப் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டமையால், மனித முகத்தைச் சிறிது நேரத்திற்குள் படமாக்குவது அதனாற் கைகூடியது. ஆனால் அதன் கூர்மை நடுவோடு சரி. முகத்துக்கு அது போதும், கல்வெட்டுக்குப் போதாது. இயற்கைக் காட்சிக்கென அமைந்த எளிய லென்ஸ்களோ ஓரத்தில் நேர்கோட்டை வில்லாக வளைத்தன. அக்குறையைப் பெரிதும் நீக்கிய இரட்டை லென்ஸ்களை 1866-ல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே வெளியிட்ட பிறகுதான் கட்டடங்களைப் படமெடுப்போருக்கு ஆறுதல் பிறந்தது. பின்னர் ஏர்ன்ஸ்ட் அப்பேயும் ஓட்டோ ஷோட்டும் ஜெர்மனியின் யேனா நகரில் 1884-ல் கண்ணாடிச் சாலை நிறுவிப் புதுப்புது வகைக் கண்ணாடிகளை உருக்கியதும், அவற்றைக் கொண்டு ஸைஸ் நிறுவனத்தின் பவுல் ருடோல்ஃப் 1902-ல் நான்கே கண்ணாடிகளாலான டெஸ்ஸார் என்னும் லென்ஸை அமைத்ததும் நீங்கள் அறிந்த வரலாறு. இந்நாளிலும் சின்னஞ்சிறு காமிராக்களில் அந்த அமைப்பின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றன.

இவ்வளவு மேதைகள் உழைத்தும் குற்றமற்ற லென்ஸ் ஒன்று இன்றளவும் பிறக்கவில்லை, பிறக்கப்போவதும் இல்லை. ஒரு குறையைத் திருத்தினால் மற்றொரு குறை சிறிது தலைதூக்கும். எடையைக் குறைத்தால் ஓரம் தளரும். துவாரத்தைப் பெரிதாக்கினால் நிறங்கள் விளிம்பில் பிரியும். ஆகையால் 'சிறந்த லென்ஸ் எது?' என்று புதியவர்கள் கேட்கும்போது, 'எதற்குச் சிறந்தது?' என்று திருப்பிக் கேட்பதே முறை. தம் கையில் உள்ள லென்ஸின் குறை எது, அது எந்தத் துவாரத்தில் தோன்றி எந்தத் துவாரத்தில் மறைகிறது என்பதைத் தாமே சோதித்து அறிந்தவருக்கு, விலை மலிந்த பழைய லென்ஸும் உற்ற துணையாகும். சோதியாதவருக்கு ஆயிரங்கள் கொடுத்து வாங்கியதும் அந்நியமாகவே இருக்கும்.

சோதனை முறை எளியதே. காமிராவை உறுதியான முக்காலியில் ஏற்றி, சுவருக்கு நேர் எதிரே, சாய்வின்றி நிறுத்தி, ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து அமைத்து, கை படாமல் ஷட்டர் தானே திறக்கும்படி செய்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு படம் எடுத்தால் போதும். நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று தெளிந்து ஒன்று மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி தன் அச்சிலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள், கடைக்காரரிடம் மாற்றித்தரக் கேட்பதற்கும் உங்களுக்கு ஆதாரம் உண்டு. மேகமில்லாத இரவில் விண்மீன்களைப் படமெடுத்தால் இன்னும் கடுமையான பரீட்சை. நடுவில் புள்ளியாக விழும் மீன், ஓரத்தில் சிறகு முளைத்த பூச்சிபோல் விரிவதைக் காண்பீர்கள். வெயிலுக்கு எதிராகப் பிடிப்பதும் ஒரு சோதனை. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு திருப்பியெறியப்படுகிறது. இருபது பரப்புகள் கொண்ட லென்ஸில் பாதிக்கும் மேல் வீணாகி, வீணானதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-ல் ஸைஸ் நிறுவனத்து ஸ்மாகுலா கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சிடும் முறையை வகுத்திராவிடில், இன்றைய ஜூம் லென்ஸ்கள் பயனற்றுப் போயிருக்கும்.

இந்தச் சோதனைகளெல்லாம் வெறும் வித்தை, காட்டிலும் மேட்டிலும் இவற்றால் ஆவதென்ன என்று கேட்பவர்களுக்கு, கோடியக்கரையைக் காட்ட விரும்புகிறேன். சைபீரியத் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தை நம் கரையிற் கழிக்கும் உள்ளான்களும் பிற நீர்ப்பறவைகளும் அங்கே கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாக அங்கே பறவைகளைப் பிடித்துக் கால்களில் வளையமிட்டு விடுகிறார்கள். பிற நாட்டாரும் தத்தம் கரைகளில் வளையமோ நிறக்கொடியோ பூட்டி விடுகிறார்கள். அந்தக் கொடியில் உள்ள இரண்டு மூன்று எழுத்துகளைப் படித்துவிட்டால், அப்பறவை எங்கே பிடிக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதெல்லாம் தெரிய வருகின்றன. முற்காலத்தில் இதற்குப் பறவை மீண்டும் வலையில் சிக்க வேண்டும், அல்லது செத்துக் கிடக்க வேண்டும். இன்று, சேற்றில் முழந்தாளிட்டுக் காத்திருக்கும் பொழுதுபோக்குப் படக்காரர் ஒருவர், அதன் இறகில் கை படாமலே அந்த எழுத்தைக் கொண்டுவர முடியும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். நாற்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் பறவையின் கொடியில் மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து இருப்பதாகக் கொள்வோம். 400 மில்லிமீட்டர் லென்ஸ் அதைச் சென்ஸாரின் மேல் நூறில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு மில்லிமீட்டரின் நூறில் மூன்று பங்கு உயரத்தில் விழச்செய்கிறது. ஒளியோ அலை இயல்பு உடையது. துவாரம் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வொரு புள்ளியும் பரந்து வட்டமாகிறது. எஃப் 8 துவாரத்தில் அந்த வட்டத்தின் அகலம் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு; எஃப் 22 துவாரத்திலோ ஏறக்குறைய மூன்று பங்கு. அதாவது எழுத்தின் உயரமும் புள்ளியின் அகலமும் சமமாகிவிடுகின்றன, எழுத்து அழிந்தது. ஆழம் வேண்டுமென்று துவாரத்தை அளவுக்கு மிஞ்சி அடைத்தவர், எத்தனை விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருந்தாலும் ஒரு வெண்கறையைத்தான் வீட்டுக்குக் கொண்டுசெல்வார். செங்கற்சுவரின் முன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டவருக்கு இத்தவறு நேராது.

அதே கரையில் இன்னொரு பாடமும் உண்டு. உப்பளங்களின் மேல் நண்பகலில் கானல் எழும்பும்போது, அந்த அலையும் காற்றின் ஊடே தொலைவிலுள்ள பூநாரையைப் படமெடுத்து, மங்கலாக இருக்கக் கண்டு லென்ஸைப் பழிப்பவர்கள் அநேகர். காற்றின் குற்றத்தைக் கண்ணாடியின்மேல் ஏற்றுவது நியாயமன்று. விடியற்காலையில், நிலம் சூடேறுமுன், அதே லென்ஸைக் கொண்டு அதே தூரத்தில் எடுத்துப் பாருங்கள். லென்ஸைச் சுவரில் சோதித்து அதன் தகுதியை முன்பே அறிந்திருப்பவர், களத்தில் படம் கெடும்போது காரணத்தை வேறிடத்தில் தேடுவார். தம் கை நடுக்கத்திலும், காற்றிலும், அவசரத்திலும் தேடுவார். சோதனையின் பெரும்பயன் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்மிடையே வாழ்ந்த மா. கிருஷ்ணனை இச்சந்தர்ப்பத்தில் நினையாதிருக்க முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர், 1950 முதல் இறுதிவரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திச் சேர்த்த காமிரா ஒன்றுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, அதைச் சுமந்துகொண்டு காடுகளில் நடந்து, யானைகளையும் பிற விலங்குகளையும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படமாக்கினார். தம் கருவியைத் தாமே அமைத்த ஒருவர் அதன் ஒவ்வொரு இயல்பையும் சோதித்து அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அதனால்தான் காட்டில் நின்றபோது அவர் கருவியை மறந்து யானையைப் பார்க்க முடிந்தது. அவர் எடுத்த யானை, வெறும் யானையாக மட்டும் நிற்பதில்லை. அது தின்னும் மூங்கிலும், அது நிற்கும் நிலமும் கூடவே வருகின்றன. பின்னணியை முற்றிலும் மழுக்கி விலங்கை மட்டும் பிதுக்கிக் காட்டும் இன்றைய மோகத்தை நான் விரும்பவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். பெரிய துவாரமுள்ள லென்ஸ் வாங்கிய பெருமையே அப்படங்களிற் பலவற்றில் தெரிகிறது. பறவை எந்த மரத்தில் இருந்தது என்று கேட்டால் எடுத்தவருக்கே விடை தெரிவதில்லை.

இனி, படங்களைப் பகிர்ந்துகொள்வது பற்றிச் சில வார்த்தைகள். தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த புகைப்படக்காரர் டி. என். ஏ. பெருமாள், ஓ. சி. எட்வர்ட்ஸ் என்னும் மூத்தவரிடம் பயின்று, தாமும் அவ்வாறே இளைஞர் பலரைப் பயிற்றினார். இக்கலை பள்ளிக்கூடத்தில் வளர்ந்ததைக் காட்டிலும், ஒருவர் படத்தை மற்றவர் மடியில் வைத்துக்கொண்டு பேசிய பேச்சிலேயே அதிகமாக வளர்ந்தது. அந்தப் பேச்சின் தரம் இன்று தாழ்ந்திருக்கிறது என்பது என் வருத்தம். நொடிப்பொழுதில் நூறு பேருக்குப் படத்தைக் காட்டிவிடலாம். நூறு பேரும் 'அருமை' என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்லால் எடுத்தவருக்கு என்ன லாபம்? 'இடது ஓரத்தில் கிளை தெளியவில்லை. ஃபோகஸ் கண்ணில் விழாமல் மார்பில் விழுந்திருக்கிறது. இந்நாரையின் அலகில் இடைவெளி இல்லையே, நத்தைகுத்தி என்று எப்படி எழுதினீர்?' என்று கேட்கிற ஒரு நண்பர் அந்த நூறு பேரினும் மேலானவர். இளங்குஞ்சுகளுக்கு அலகில் அந்த இடைவெளி இராது, வளர்ந்த பின்பே தோன்றும் என்று எடுத்தவர் விடை சொல்வாரானால், கேட்டவரும் கற்றார், கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கற்றார்கள். படத்தோடு நாள், நேரம், இடம், லென்ஸ், துவாரம் இவற்றையும் எழுதிவையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இத்தகைய பேச்சுக்கு இடம் உண்டாக வேண்டும் என்பதற்காகவே.

ஆனால் இடத்தைச் சொல்வதில் ஒரு வரம்பு வேண்டும். ஆந்தையின் பொந்தும், தேவாங்கு இருக்கும் தோப்பும் ஊரறியச் சொல்லத்தக்கவை அல்ல. கூட்டின் அருகே சென்று படமெடுப்பது பற்றியும் கண்டிப்பாக இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் தாய்நாரை சிறகை விரித்து நிழல் தந்து குஞ்சைக் காக்கிறது. நாம் நெருங்கியதால் அது எழும்பிப் பறந்தால், வெயிலும் காகமும் நொடியில் வேலையை முடித்துவிடும். வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுட்டவர்களைப் பொறாமல் முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்புப் பத்திரம் பெற்றவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயல்களுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள் அவர்கள். அங்கே ஒரு படத்துக்காகக் கிளையை ஒடிப்பவர், தலைமுறைகளாகக் காக்கப்பட்ட ஒன்றில் கை வைக்கிறார்.

உண்மையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் புகழ்ந்த டிரைப்பே தம் நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டியதுண்டு. அந்நாளைய ரசாயனம் நீல ஒளிக்கு அளவுகடந்து இளகியமையால் வானம் முழுதும் வெறுமையாக விழுந்தது. அதை நிரப்ப அவர் அவ்வாறு செய்தார். கல்வெட்டின் எழுத்தை அவர் தீட்டியதாகத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளலாம். உலகப் புகைப்படச் சங்கங்கள் சில கூடி இயற்கைப் படங்களுக்கென வகுத்துள்ள விதிகள், காட்சியில் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் தடுக்கின்றன. மனிதன் கைப்பட்ட பொருள்களையும் பெரும்பாலும் விலக்குகின்றன. ஆயினும் ஆராய்ச்சிக்காகப் பூட்டிய கால்வளையத்தை அநுமதிக்கின்றன. அழகைக் கெடுக்கிறதென்று அவ்வளையத்தைக் கணினியில் துடைத்துவிட்டவர் ஒருவரின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்பறவையின் ஊரும் பயணமும் அதனோடு போய்விட்டன என்பதை எண்ண எண்ண மனம் ஆறவில்லை.

முடிவாக உங்கள் முன் ஒரு வேண்டுகோள். டிரைப்பின் பதவியை, வீண் செலவென்று கருதி, புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன் நிறுத்திவிட்டார். ஊதியம் நின்றதும் அவ்வேலையும் நின்றது. ஊதியம் பெறாமல் உழைக்கும் உங்களை அப்படி எவரும் நிறுத்த முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் வயல்வெளிகளில் நடுகற்கள் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. தொல்லியலார் பதிப்பித்தவை பல உண்டு, ஆனால் கல்லின் இன்றைய நிலையை ஆண்டுதோறும் படமாக்கி வைப்பதற்கு அவர்களிடம் ஆட்கள் போதாது. மாவு பூசியோ சுண்ணம் தேய்த்தோ எழுத்தைத் துலக்க வேண்டாம், அது கல்லுக்குக் கேடு. காலையில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் அந்தச் சிறிது நேரத்தில் எழுத்தின் பள்ளங்கள் தாமே நிழல் கொண்டு எழும். அப்போது முக்காலியில், கல்லுக்கு நேராக, நீங்கள் சோதித்து அறிந்த லென்ஸால், அறிந்த துவாரத்தில் எடுங்கள். கல்லின் நான்கு மூலைகளும் படத்துக்குள் வரட்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஊரின் பெயரையும் நாளையும் குறித்து, ஒரு பிரதியைச் சங்கத்திலும் மற்றொன்றை மாவட்ட அருங்காட்சியகத்திலும் சேர்த்துவிடுங்கள். தை பிறந்ததும் செங்கம் வட்டாரத்துக்குச் செல்லும் முதற்குழுவில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.